நிலவுப் பயணம் நாடகமா? ஒரு சதிக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்கும் முறை

2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் இறங்குகலம் நிலவில் தரையிறங்கியபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகளும் தேசியக் கொடிப் படங்களும் குவிந்தன. அவற்றுக்கு நடுவே, ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான என் பெரியப்பா ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். 1969-இல் அமெரிக்கர்கள் நிலவில் கால் வைத்ததாகச் சொல்வது படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்ட நாடகம் என்பது அதன் சாரம். "ஆளில்லாத கலத்தை இறக்கவே நம்மவர்களுக்கு இவ்வளவு பாடு, அவர்கள் அன்றைக்கே ஆளை அனுப்பினார்களாம்!" என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்.

பெரியப்பா ஏமாளி அல்லர். முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் "நிரூபி" என்று சொல்லிப் பழகியவர். சதிக் கோட்பாடுகளை நம்புகிறவர்கள் சந்தேகப்படத் தெரியாதவர்கள் என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் தவறு. அவர்கள் நிறையவே சந்தேகப்படுகிறார்கள், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சந்தேகப்படுகிறார்கள். அரசு சொல்லும் கதையின் ஒவ்வொரு படத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் அதே கண், அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் கதையை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அந்தக் கண்ணை மறுபக்கமும் திருப்புவது எப்படி என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது. எடுத்துக்காட்டாக நிலவுப் பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். அரை நூற்றாண்டாக அலசப்பட்ட கதை அது. இன்று நம் கைப்பேசிக்கு வரும் பெரும்பாலான சதிக் கதைகளும் அதே அச்சில் வார்க்கப்பட்டவை.

கேள்வியைக் கூற்றாக மாற்றுங்கள்

"காற்றே இல்லாத இடத்தில் கொடி ஏன் அசைகிறது? வானத்தில் ஏன் ஒரு நட்சத்திரம்கூட இல்லை? நிழல்கள் ஏன் வெவ்வேறு திசையில் விழுகின்றன?" என்று சதிக் காணொளிகள் கேள்விகளாகவே பேசும். கேள்வி கேட்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒன்றுக்கு விடை சொன்னால் அடுத்ததற்குத் தாவிவிடலாம். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கூற்றை வெளியே இழுத்து ஒரு தாளில் எழுதுவது.

கொடி பற்றிய கேள்வியை இப்படி மாற்றலாம்: "படப்பிடிப்புத் தளத்துக்குள் காற்று வீசியது, அதனால் கொடி அசைந்தது." எழுதிய உடனேயே அது சற்று வேடிக்கையாகத் தெரிகிறதல்லவா? உலகையே ஏமாற்றப் பல நூறு கோடி டாலர் செலவிட்டவர்கள், காற்று வராமல் கதவைச் சாத்த மறந்தார்கள் என்றாகிறது. ஆனால் வேடிக்கையாக இருப்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது என்பதால், கூற்றைச் சோதிக்கத்தான் வேண்டும். கொடியின் மேல்விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி செருகப்பட்டிருந்தது. காற்றில்லாத இடத்தில் கொடி தொங்கிப்போகாமல் விரிந்து நிற்பதற்காக வைத்த கம்பி அது. அமெரிக்கர்களின் அப்பல்லோ வரிசைப் பயணங்களில், 1969-இல் முதலில் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11-இல் அந்தக் கம்பியை முழுமையாக நீட்ட முடியாமல் போனதால் துணியில் மடிப்பு விழுந்தது. அந்த மடிப்புத்தான் படத்தில் அலைபோல் தெரிகிறது. வீரர்கள் கம்பத்தைத் திருகி மண்ணில் இறக்கும்போது கொடி ஆடியது உண்மை. ஆட்டத்தை அடக்கும் காற்று அங்கே இல்லாததால், பூமியில் ஆடுவதைவிடக் கூடுதல் நேரம் ஆடியதும் உண்மை.

இரண்டு கதைகளும் எதை எதிர்பார்க்கச் சொல்கின்றன?

கூற்று கையில் கிடைத்தபின், இரண்டு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் உண்மையாகவே நிலவுக்குப் போயிருந்தால் படத்தில் என்ன தெரிய வேண்டும்? தளத்தில் எடுத்திருந்தால் என்ன தெரிய வேண்டும்? இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் அந்தச் சான்று எந்தப் பக்கத்துக்கும் உதவாது. விடைகள் வேறுபட்டால் மட்டுமே அதைத் தொடர்ந்து ஆராய்வதில் பயன் உண்டு. பெரும்பாலான விவாதங்கள் இந்த ஒரு படியைத் தாண்டிப் போய்விடுவதால்தான் விடியவிடிய நீள்கின்றன.

நட்சத்திரங்களை எடுத்துக்கொள்வோம். நிலவில் அவர்கள் இறங்கியது பகல் நேரத்தில். தரை முழுவதும் வெயில், உடையோ தூய வெள்ளை. அந்த வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவின் துளையைச் சுருக்கி, ஒரு விநாடியில் சில நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளியை உள்ளே விட்டால், மங்கலான நட்சத்திரங்கள் ஃபிலிமில் பதியா. இதை நீங்களே சோதிக்கலாம். ஊர்த் திருவிழாவில் சீரியல் விளக்கு அலங்காரத்துக்கு அடியில் நிற்கும் ஒருவரைக் கைப்பேசியின் நைட் மோடை அணைத்துவிட்டுப் படமெடுங்கள். பின்னால் இருக்கும் வானம் கறுப்புத் துணி விரித்தாற்போல் வரும். ஆகவே, நிலவிலிருந்து எடுத்த படத்தில் நட்சத்திரம் இல்லாமல் இருப்பதுதான் இயல்பு. உண்மையில் நட்சத்திரங்களைப் படமெடுக்க வேண்டும் என்றே 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 ஒரு தனிக் கருவியைக் கொண்டுபோனது. ஜார்ஜ் கரூதர்ஸ் என்ற இயற்பியலாளர் வடிவமைத்த புறஊதாக் கேமரா அது. அதில் நட்சத்திரங்களும் பதிந்தன, பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜன் படலமும் பதிந்தது.

நிழல்களின் கதையும் இதுதான். மாலை வெயிலில் தென்னந்தோப்பின் நடுவே நின்று பாருங்கள். சூரியன் ஒன்றே; ஆனாலும் தொலைவில் விழும் நிழலும் காலடியில் விழும் நிழலும் ஒரே கோணத்தில் தெரிவதில்லை, வரப்பு ஏறி இறங்கும் இடத்தில் நிழல் வளையவும் செய்கிறது. பல விளக்குகள் இருந்தால் நிழலின் திசை மாறுவதற்கு முன் வேறொன்று நடக்கும்: ஒவ்வொரு பொருளுக்கும் பல நிழல்கள் விழும். சேப்பாக்கத்தில் இரவு ஆட்டம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு ஆட்டக்காரரின் காலடியிலிருந்தும் மூன்று நான்கு நிழல்கள் கிளைக்கும். அப்பல்லோ படங்களில் ஆளுக்கு ஒரே நிழல்தான்.

இவற்றைவிட எனக்கு வலுவாகத் தோன்றுவது புழுதி. அப்பல்லோ 16 வீரர்கள் ஓட்டிய நான்கு சக்கர ஊர்தியின் அசைபடம் ஒன்று இருக்கிறது. சக்கரங்கள் வாரி எறியும் மண் மேலே எழுந்து, சீரான வளைவில் கீழே விழுந்துவிடுகிறது. மேகமாகத் திரண்டு நிற்பதில்லை. மழை பெய்யாத மாதத்தில் நம் ஊர் மண்சாலையில் ஒரு பேருந்து போனால், அது கண்ணுக்கு மறைந்த பிறகும் புழுதி அந்தரத்தில் நிற்கும். அதை நிறுத்தி வைப்பது காற்று. அசைபடத்தை மெதுவாக ஓட்டி ஈர்ப்பு விசை குறைந்தாற்போல் காட்டலாம், ஆனால் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் காற்றை மறைக்க முடியாது. இங்கே இரண்டு கதைகளும் வெவ்வேறு விடைகளை எதிர்பார்க்கின்றன. படமும் ஒரு பக்கத்துக்குத் தெளிவாகச் சாட்சி சொல்கிறது.

நம் பக்கத்துப் பலவீனமான சான்றுகளைக் கைவிடுங்கள்

இந்தப் படியைப் பலர் விரும்புவதில்லை. நிலவுப் பயணத்தை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்து வீசும் வாதம் ஒன்று உண்டு: "அங்கே வைத்த கண்ணாடியில் இன்றைக்கும் லேசர் பட்டுத் திரும்புகிறதே!" அப்பல்லோ 11, 14, 15 ஆகிய மூன்றும் எதிரொளிப்பான்களை விட்டுவந்ததும், அவற்றைக் கொண்டு நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வது அளக்கப்பட்டதும் உண்மைதான். ஆனால் சோவியத் ஒன்றியத்தின் லூனகோத் ஊர்திகளும் ஆளே இல்லாமல் அத்தகைய எதிரொளிப்பான்களைக் கொண்டுபோயின. அவையும் இன்றுவரை வேலை செய்கின்றன. ஆகவே எதிரொளிப்பான் அங்கே இருப்பது, அங்கே ஒரு கலம் இறங்கியது என்பதற்குச் சான்று. மனிதர் இறங்கினார் என்பதற்கு அது மட்டும் போதாது. பெரியப்பாவைப் போன்றவர்கள் இந்த ஓட்டையை ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள். பிடித்த பிறகு நாம் சொல்லும் நல்ல வாதத்தையும் கேட்கமாட்டார்கள்.

பாறைகளின் கதை வேறு. ஆறு அப்பல்லோ பயணங்கள் மொத்தம் 382 கிலோ பாறையும் மண்ணும் கொண்டுவந்தன. சோவியத்தின் மூன்று தானியங்கிக் கலங்கள் 1970-க்கும் 1976-க்கும் இடையே கொண்டுவந்தவை எல்லாம் சேர்த்தும் அரைக் கிலோவை எட்டவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 2020-இல் சீனாவின் சாங்-இ 5 கொண்டுவந்தது சுமார் 1.7 கிலோ. தானியங்கிகளை அனுப்பி 1969-லேயே கமுக்கமாகப் பாறைகளைத் திரட்டியிருக்கலாம் என்று வாதிடுபவர் இந்த எண்களுக்கு விடை சொல்ல வேண்டும்.

"பூமியிலேயே செய்திருக்கலாமே?" என்ற கேள்வி வரும். இதற்கு நம் நாமக்கல் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துச் செய்த மண்ணில்தான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தன் இறங்குகலத்தையும் உலாவியையும் சோதித்துப் பார்த்தது. கால் எவ்வளவு புதையும், சக்கரம் வழுக்குமா என்பதையெல்லாம் அறிய அந்த ஒப்புமை போதும். ஆனால் ஒரு நிலவியலாளரிடம் அதை நிலவு மண் என்று சொல்லிக் கொடுத்தால், நுண்ணோக்கியில் வைத்த உடனே திருப்பித் தந்துவிடுவார். காற்று மண்டலம் இல்லாத இடத்தில் நுண்கற்கள் அதிவேகத்தில் மோதி ஏற்படுத்திய மிகச் சிறிய குழிகள், அந்த மோதலில் உருகி ஒட்டிய கண்ணாடித் துணுக்குகள், சூரியனிலிருந்து பாய்ந்து வரும் துகள்களான சூரியக் காற்று கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பதித்த வாயு அணுக்கள் ஆகியவை நாமக்கல் பாறையில் இல்லை. பூமியில் விழுந்த நிலவு விண்கற்களை எடுத்துக் காட்டியிருக்கலாமே என்றால், அவை வளிமண்டலத்தைக் கிழித்து வரும்போது மேற்பரப்பு உருகிவிடுவதால் அந்த நுண்குழிகள் மிஞ்சுவதில்லை. மேலும், அப்பல்லோ மாதிரிகள் பல நாட்டு ஆய்வகங்களுக்கு வழங்கப்பட்டவை; சோவியத்துடனேயே மாதிரிகள் பரிமாறிக்கொள்ளப்பட்டன.

எதிராளி என்ன சொன்னான் என்று பாருங்கள்

சொத்து வழக்கில் சொந்தக்காரர் சொல்லும் சாட்சியைவிட, பங்காளி ஒப்புக்கொண்ட செய்திக்கு மதிப்பு அதிகம். ஒரு கதை பொய்யானால் யாருக்கு அதிக ஆதாயம், அதைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் அவர்களுக்கு இருந்ததா என்ற இரண்டையும் கேளுங்கள். 1969-இல் அமெரிக்காவைப் பொய்யன் என்று நிறுவ சோவியத் ஒன்றியம் எந்த விலையும் கொடுத்திருக்கும். அவர்களின் ஆளில்லாக் கலமான லூனா 15, அமெரிக்கர்கள் நிலவில் இருந்த அதே நாளில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்து, ஜூலை 21 அன்று தரையில் மோதி நொறுங்கியது. நிலவுக்குப் போகும் கலங்களைப் பின்தொடரும் கருவிகள் அவர்களிடம் இருந்தன. ஆனாலும் மாஸ்கோ ஒருநாளும் இதை நாடகம் என்று சொன்னதில்லை.

இன்னொரு வேடிக்கையும் இங்கே உண்டு. நிலவுப் போட்டியில் உண்மையாகவே மறைக்கப்பட்ட ஒரு ரகசியம் இருந்தது. அது சோவியத் தரப்பில் இருந்தது. நிலவுக்கு ஆளை அனுப்பும் போட்டியிலேயே தாங்கள் இல்லை என்று சோவியத் பல ஆண்டுகள் சாதித்தது. உண்மையில் அவர்களின் என்1 என்ற மாபெரும் ஏவூர்தி 1969 பிப்ரவரியிலும் ஜூலையிலும் அடுத்தடுத்துத் தோற்றது. 1989-இல் மாஸ்கோவுக்குச் சென்ற அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு, ஒருபோதும் பயன்படாத சோவியத் இறங்குகலம் நேரிலேயே காட்டப்பட்டது. அப்படியானால் பெரிய ரகசியத்தை இருபது ஆண்டு காக்க முடியும் அல்லவா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். பொதுமக்களிடமிருந்து காக்க முடிந்தது. உளவுச் செயற்கைக்கோள் வைத்திருந்த எதிராளியிடமிருந்து முடியவில்லை. என்1 ஏவுதளம் அமெரிக்க உளவுப் படங்களில் அப்போதே பதிவாகியிருந்தது.

பிற்காலத்தில் வந்த சாட்சிகளும் ஒரே வீட்டுக்காரர்கள் அல்லர். நிலவைச் சுற்றிவரும் அமெரிக்காவின் எல்ஆர்ஓ கலம் 2009 முதல் எடுத்த படங்களில் இறங்குகலங்களின் அடிப்பகுதிகளும், வீரர்கள் நடந்த தடங்களும், சில கொடிகளின் நிழல்களும் தெரிகின்றன. அது அவர்கள் வீட்டுச் சாட்சி என்று ஒதுக்கினால், ஜப்பானின் ககுயா கலம் 2008-இல் அப்பல்லோ 15 இறங்கிய இடத்தில் எந்திரப் புகை மண்ணை வெளிறச் செய்த திட்டைக் கண்டதையும், நம் சந்திரயான்-2 அப்பல்லோ 11 இறங்கிய இடத்தைப் படமெடுத்ததையும் ஒதுக்க வேண்டியிருக்கும். சதிக்குள் ஒவ்வொரு நாடாகச் சேர்த்துக்கொண்டே போகும் கோட்பாடு வலுவடைவதில்லை. தன் சுமையைத் தானே கூட்டிக்கொள்கிறது.

கதையை யார் தொடங்கினார் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1976-இல் பில் கேசிங் என்பவர் சொந்தமாக அச்சிட்டு வெளியிட்ட நூல்தான் இந்தக் கோட்பாட்டைப் பரப்பியது. அவர் ஏவூர்தி எந்திர நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதும் பிரிவில் இருந்தவர் என்பதால் உள்ளே இருந்தவரின் வாக்குமூலம்போல் அது பரவியது. ஆனால் அவர் அங்கிருந்து விலகியது 1963-இல். நிலவில் இறங்கியதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு.

உண்மையான சதிகள் எப்படி இருந்தன?

அரசுகளும் நிறுவனங்களும் சதி செய்ததே இல்லை என்று சொல்பவர் வரலாறு படிக்காதவர். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகப்புண் (சிஃபிலிஸ்) நோயுள்ள கறுப்பின ஆண்கள் சுமார் நானூறு பேருக்கு, மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் சிகிச்சை தராமல் நோயின் போக்கைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த வாட்டர்கேட் வேவுப் பணியை மறைக்க முயன்ற அமெரிக்க அதிபர் நிக்சன் 1974-இல் பதவி விலகினார். ஃபோக்ஸ்வேகன் கார்கள் சோதனைக் கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளுடன் விற்கப்பட்டது 2015-இல் வெளிவந்தது.

இந்த மூன்றையும் நிலவு நாடகக் கதையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான சதிகளுக்கு ஒரு குறுகிய நோக்கம் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் குறைவு. வெளியில் வந்தபோது ஆவணம், ஒலிநாடா, அளவீடு என்று கையில் பிடிக்கக்கூடிய பொருளாக வந்தது. வெளிக்கொண்டுவந்தவர் பெயர் உள்ள ஒரு பத்திரிகையாளராகவோ ஊழியராகவோ ஆய்வாளராகவோ இருந்தார். அப்பல்லோ திட்டத்திலோ, உச்சத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வேலை செய்தார்கள். டேவிட் ராபர்ட் கிரைம்ஸ் என்ற இயற்பியலாளர் 2016-இல் போட்ட ஒரு கணக்கின்படி, இத்தனை பேர் காக்கும் ரகசியம் நான்கு ஆண்டுக்குள் கசிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கின் அடிப்படை எண்களில் வாதிட இடமுண்டு என்பதால் நான் அதைப் பெரிதாக நம்பியிருப்பதில்லை. ஆனால் ஒரு கல்யாண வீட்டுச் சங்கதியைப் பத்துப் பேரால் ஒரு வாரம் காக்க முடியாததைப் பார்த்தவர்களுக்குக் கணக்கே தேவையில்லை.

டஸ்கீகி வேறொன்றையும் நினைவூட்டுகிறது. அந்தக் கொடுமையை அறிந்த சமூகத்தில் ஒருவர் மருத்துவத் துறையை நம்ப மறுத்தால், அது மூடத்தனம் அன்று. சந்தேகத்துக்குப் பின்னால் உள்ள காயத்தை மதித்துக்கொண்டே, குறிப்பிட்ட கூற்று தவறு என்று சொல்ல முடியும்.

ஓட்டை இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்

அப்பல்லோ 11-இன் நேரலைக் காட்சி பதிவான மூல நாடாக்கள் இப்போது இல்லை. நாடாத் தட்டுப்பாட்டால் அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசாவே ஒப்புக்கொண்டது. வெட்கக்கேடான அலட்சியம்தான், அதை மழுப்பக் கூடாது. தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த பிரதிகள் உள்ளன, மற்ற ஐந்து பயணங்களின் பதிவுகள் உள்ளன, ஆயிரக்கணக்கான ஃபிலிம் படங்கள் உள்ளன என்பதை ஒப்புக்கொண்ட பிறகு சொல்லுங்கள். நம் ஊர் அரசு அலுவலகத்தில் பழைய கோப்பு ஒன்றைத் தேடிப் போனவர்களுக்கு, காணாமல் போவதற்குச் சதி தேவையில்லை என்பது விளங்கும்.

1972 டிசம்பருக்குப் பிறகு பல பத்தாண்டுகளாக யாரும் நிலவில் இறங்காதது ஏன் என்பதும் நேர்மையான கேள்வியே. விடை சலிப்பூட்டுவது: பணம். 1966-இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நூற்றுக்கு நான்கு டாலருக்கு மேல் விண்வெளித் துறைக்குப் போனது. போட்டியில் வென்றபின் அந்த ஆர்வம் வடிந்தது. திட்டமிட்டிருந்த அப்பல்லோ 18, 19, 20 மூன்றும் கைவிடப்பட்டன.

பேசும் முறை

குழுவில் எல்லார் முன்னிலையிலும் பெரியவர் ஒருவரை மறுத்துப் பேசினால், பேச்சு நிலவை விட்டு மரியாதைக்குப் போய்விடும். நான் அன்று குழுவில் எதுவும் எழுதவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், காபி குடித்தபடி, "பெரியப்பா, அந்தக் காணொளியில் உங்களுக்கு மிகவும் வலுவாகப்பட்ட ஒரே ஒரு காரணத்தை மட்டும் சொல்லுங்கள், அதை மட்டும் பார்ப்போம்" என்றேன். அவர் நிழல்களைச் சொன்னார். மாலையில் இருவரும் தோட்டத்துக்கு நடந்தோம். தோப்பின் நிழல்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது சரிதான். ஆனால் மற்றதெல்லாம்?" என்றார்.

அந்த "மற்றதெல்லாம்" வரும் என்று எதிர்பார்த்தே போக வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: "எந்தச் சான்று கிடைத்தால் நீங்கள் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" எதுவுமே மாற்றாது என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். அதே கேள்வி நமக்கும் திரும்பி வரும். அதற்கு ஆயத்தமாக இல்லாமல் அதைக் கேட்கக் கூடாது. பெரியப்பா என்னிடம் திருப்பிக் கேட்டார். சீனர்கள் தங்கள் நிலவு மண்ணை அப்பல்லோ மண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, இவற்றுள் ஒன்று நிலவிலிருந்து வந்ததே அன்று என்று அறிவித்தால் மாறுவேன் என்றேன்; இறங்கியதாகச் சொல்லும் ஆறு இடங்களில் ஒன்றிலாவது இந்தியக் கலம் வெற்றுத் தரையைக் கண்டால் மாறுவேன் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தம்முடைய விடையை அடுத்த வாரம் சொல்வதாகச் சொன்னார்.